வெள்ளிக்கிழமை மதியம் வந்த ஒரு கோப்பு

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மதியம் மணி 12.09. அலுவலகங்களில் சிலர் சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சிலர் தொழுகைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நிமிடத்தில் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க நிறுவனம், உலகெங்கும் உள்ள தன் வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. அதை யாரும் கேட்கவில்லை. 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று யாரும் பொத்தானை அழுத்தவும் இல்லை. அது தானாக வந்து இறங்கியது.

கோப்பு இறங்கிய கணினிகள் நீலத் திரையைக் காட்டி நின்றன. பிறகு தாமாகவே மறுபடியும் இயங்கத் தொடங்கின. மறுபடியும் நீலத் திரை. மீண்டும் தொடக்கம், மீண்டும் நீலத் திரை.

கோளாறு தெரிந்து, 1.27 மணிக்கு நிறுவனம் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றது. இடையில் இருந்தது 78 நிமிடம். இரண்டு பாட வேளைகளைவிடச் சற்றுக் கூடுதலான நேரம். அதற்குள் சுமார் 8.5 மில்லியன் கணினிகள் விழுந்துவிட்டதாக மைக்ரோசாஃப்ட் பின்னர் மதிப்பிட்டது. உலகில் உள்ள விண்டோஸ் கணினிகளில் இது ஒரு விழுக்காடுகூட இல்லை. ஆனால் அந்த ஒரு விழுக்காடு எங்கே இருந்தது என்பதுதான் விஷயம். விமான நிலையங்கள், வங்கிகள், மருத்துவமனைகள், தொலைக்காட்சி நிலையங்கள். பாதுகாப்புக்காகப் பணம் செலவழிக்கக்கூடிய பெரிய நிறுவனங்கள்தான் கிரவுட்ஸ்ட்ரைக்கின் வாடிக்கையாளர்கள்.

சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் எழுதிப் பதிவு செய்தன. கே.எல்.ஐ.ஏ. இரண்டாம் முனையத்தில் ஏர் ஏசியாவின் முகப்புகளில் வரிசை நீண்டது. இந்தியாவில் இண்டிகோ நிறுவனம் பேனாவால் எழுதிக் கொடுத்த விமான நுழைவுச்சீட்டின் படத்தை உங்களில் சிலர் அப்போது கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். பிரிட்டனில் ஸ்கை நியூஸ் அன்று காலை சிறிது நேரம் நேரலையே இல்லாமல் இருந்தது. அந்நாட்டு மருந்தகங்களிலும் குடும்ப மருத்துவர்களிடமும் நோயாளிகளின் பதிவேடுகள் திறக்கவில்லை.

'இணைய ஊடுருவிகளின் வேலை' என்றுதான் பலரும் முதலில் நினைத்தார்கள். அது தாக்குதல் இல்லை. தாக்குதலைத் தடுக்கும் மென்பொருளே கணினியைச் சாய்த்துவிட்டது.

காவல்காரருக்கு எதற்கு எல்லாச் சாவியும்?

கிரவுட்ஸ்ட்ரைக்கின் மென்பொருளுக்கு ஃபால்கன் என்று பெயர். நச்சுநிரல்கள் நுழைகின்றனவா, யாராவது திருட்டுத்தனமாக வேலை பார்க்கிறார்களா என்று அது கணினியை இடைவிடாமல் கண்காணிக்கும். அப்படிக் கண்காணிக்க வேண்டுமானால் கணினியின் மிக ஆழமான இடத்தில் அது உட்கார வேண்டும். அந்த இடத்தைக் கெர்னல் என்பார்கள். இயங்குதளத்தின் நடுக்கரு அது. நினைவகம், வட்டு, விசைப்பலகை, பிணையம் எல்லாவற்றையும் நேரடியாக ஆளும் பகுதி.

நீங்கள் பயன்படுத்தும் உலாவியோ விளையாட்டோ கெர்னலுக்கு வெளியே ஓடுகிறது. அது கெட்டால் அது மட்டும் மூடிக்கொள்ளும். மற்றவை பாட்டுக்கு ஓடும். அடுக்குமாடியில் ஒரு வீட்டில் விளக்கு எரியாமல் போவது போல. கெர்னலுக்குள் ஓடும் நிரல் தவறு செய்தால் அது கட்டடத்தின் மின்சார அறையில் தீப்பிடித்த கதை. அந்த நிலையில் தொடர்ந்து ஓடினால் தரவுகள் பாழாகலாம் என்பதால், விண்டோஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நீலத் திரையைக் காட்டுகிறது. அதைப் பார்த்தாலே நமக்குக் கோபம் வரும். உண்மையில் அது ஒரு தற்காப்பு நடவடிக்கை.

ஃபால்கனின் கெர்னல் பகுதி, கணினி உயிர்பெறும் தொடக்க நொடிகளிலேயே ஏறிவிடும்படி அமைக்கப்பட்டது. நச்சுநிரல் முந்திக்கொள்ளக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. நல்ல காரணம்தான். ஆனால் அன்று அதுவே வினையாகிவிட்டது. கணினி எழுந்தவுடன் ஃபால்கன் எழும், கெட்ட கோப்பைப் படிக்கும், விழும். பிணையத்தில் இணைந்து சரியான கோப்பை வாங்கிக்கொள்ளப் பெரும்பாலான கணினிகளுக்கு நேரமே கிடைக்கவில்லை.

இருபதா, இருபத்தொன்றா?

தவறு என்ன என்பதை நிறுவனம் 2024 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஒரு விரிவான அறிக்கையில் வெளியிட்டது. நிரலாக்கம் படிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம்.

விண்டோஸில் ஒரு நிரல் இன்னொரு நிரலோடு பேசிக்கொள்ளும் வழிகளில் ஒன்றுக்குப் 'பெயரிட்ட குழாய்' என்று பெயர். ஊடுருவிகள் அந்தக் குழாய்களைத் தவறாகப் பயன்படுத்துவது உண்டு. அதைப் பிடிப்பதற்காக 2024 பிப்ரவரியில் ஃபால்கனில் ஒரு புதிய வசதி சேர்க்கப்பட்டது. அந்த வசதிக்கான விதிகளில் 21 கட்டங்கள் இருக்கலாம் என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தார்கள். கணினியிலிருந்து தகவல்களைத் திரட்டி அந்த விதிகளோடு ஒப்பிடக் கொடுக்கும் நிரலோ 20 தகவல்களை மட்டுமே கொடுத்தது.

21 கேள்விகள் உள்ள தாள், 20 விடைகள் உள்ள விடைத்தாள். இதை எப்படி ஐந்து மாதம் யாரும் கவனிக்கவில்லை? அதற்கும் காரணம் இருக்கிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் அனுப்பப்பட்ட விதிகளில் 21ஆவது கட்டத்தில் 'எதுவாக இருந்தாலும் சரி' என்ற குறியே இருந்தது. எதுவாக இருந்தாலும் சரி என்றால் அந்த விடையைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை அல்லவா? ஆகவே நிரல் அந்தப் பக்கம் போகவில்லை. சோதனைகளும் வெற்றி, நான்கு புதுப்பிப்புகளும் வெற்றி. ஜூலை 19 அன்று போன புதிய விதி ஒன்றில்தான் முதன்முறையாக 21ஆவது கட்டத்தில் குறிப்பாக ஒன்றைத் தேடும்படி எழுதியிருந்தது. நிரல் 21ஆவது விடையைத் தேடிப் போனது. அங்கே விடை இல்லை.

பைத்தானில் 20 பொருள்கள் உள்ள பட்டியலில் 21ஆவதைக் கேட்டுப் பாருங்கள். 'அப்படி ஒன்று இல்லை' என்று அது பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். கெர்னலில் ஓடும் நிரல்கள் பெரும்பாலும் சி, சி++ மொழிகளில் எழுதப்படுகின்றன. அவை வேகமானவை, ஆனால் அப்படி எச்சரிக்காது. வரிசையில் 20 அலமாரிகள் முடிந்ததும் அடுத்து இருக்கும் இடத்தை 21ஆவது அலமாரி என்று எண்ணிக் கையை விட்டுவிடும். அங்கே கிடந்த ஏதோ ஓர் எண்ணை நினைவக முகவரி என்று எடுத்துக்கொண்டு ஃபால்கன் அந்த முகவரிக்குப் போனது. அப்படியொரு முகவரி இல்லை. கெர்னலுக்குள் இது நடந்ததால் கணினி முழுவதும் நின்றது.

அனுப்புவதற்கு முன் கோப்பைச் சரிபார்க்க ஒரு தனி நிரல் இருக்கத்தான் செய்தது. அதுவும் 21 தகவல்கள் வரும் என்றே நம்பிக்கொண்டிருந்தது. 'எல்லாம் சரி' என்று முத்திரை குத்திவிட்டது. கேள்வித்தாளைத் தயாரித்தவரே விடைத்தாளையும் திருத்தினால் இப்படித்தான்.

எல்லை தாண்டிப் படிக்கிறோமா என்று பார்க்கும் சோதனையை நிறுவனம் ஜூலை 25ஆம் தேதி நிரலில் சேர்த்தது. 'நீ கேட்கும் எண், என்னிடம் உள்ள எண்ணிக்கைக்குள் இருக்கிறதா?' படிவம் 4 மாணவர் எழுதும் நிரலிலும் இருக்க வேண்டிய ஒரு சோதனை அது.

ஒரு கோப்பை அழிக்க ஒரு கை

பழுதைத் தீர்க்கும் வழி சில மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. கணினியைப் பாதுகாப்பு நிலையில் தொடங்க வேண்டும். ஃபால்கனின் கோப்புறைக்குப் போய், பெயரில் 291 என்ற எண் உள்ள கோப்பை அழிக்க வேண்டும். மறுபடி தொடங்கினால் கணினி நலம். தெரிந்தவருக்கு ஐந்து, பத்து நிமிட வேலை.

ஆனால் அதைக் கணினியின் முன்னால் உட்கார்ந்து செய்ய வேண்டும்.

இங்கேதான் கணினி அமைப்பு நிர்வாகிகள் கதைக்குள் வருகிறார்கள். உங்கள் பள்ளிக் கணினிக்கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வேலையை ஐந்நூறு, ஐயாயிரம் கணினிகளுக்குச் செய்பவர்கள் இவர்கள். வழக்கமாக இவர்கள் தங்கள் மேசையை விட்டு எழுந்திருப்பதில்லை. தொலைவிலிருந்தே ஒரு கட்டளை கொடுத்தால் எல்லாக் கணினிகளிலும் வேலை நடந்துவிடும். அன்று அந்த வித்தை பலிக்கவில்லை. தொலைவிலிருந்து கட்டளையைக் கேட்க, கணினி முழுமையாக எழுந்து பிணையத்தில் இணைந்திருக்க வேண்டும். எழுவதற்குள் விழுந்துகொண்டிருந்த கணினி எதைக் கேட்கும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணினி ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 8.5 மில்லியன் கணினிகளுக்கு 85 மில்லியன் நிமிடம். அதாவது ஏறத்தாழ 14 இலட்சம் மணி நேரம். ஒருவர் நாளுக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் வேலை செய்தால் எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எல்லாக் கணினிகளும் கையால்தான் சரி செய்யப்பட்டன என்று சொல்ல முடியாது. ஆகவே இது நம் காகிதக் கணக்குதான். இருந்தாலும், 78 நிமிடத் தவறு எவ்வளவு மனித உழைப்பைக் கேட்டது என்பதை இது காட்டும்.

இன்னொரு தடையும் இருந்தது. நிறுவனங்களின் கணினிகளில் வட்டு முழுவதும் பிட்லாக்கர் என்ற வசதியால் பூட்டப்பட்டிருக்கும். மடிக்கணினி திருடு போனாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. ஆனால் பாதுகாப்பு நிலையிலோ மீட்பு நிலையிலோ தொடங்கப் பார்த்தால் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். ஒவ்வொரு கணினிக்கும் வேறு வேறு எண். ஓர் இலக்கம் தவறினாலும் ஏற்காது. அந்த எண்களைச் சேமித்து வைத்திருந்த கணினியும் விழுந்து கிடந்தால் என்ன செய்வது? வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய நிலைதான்.

(உங்கள் மடிக்கணினியிலும் இந்தப் பூட்டு இருக்கலாம். விண்டோஸ் 11 உள்ள புதிய கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் வட்டு தானாகப் பூட்டப்படுகிறது. மீட்பு எண் அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நன்றாக இருக்கும் ஒரு நாளில் அதைத் தேடி எடுத்து, தாளில் எழுதி வேறிடத்தில் வைத்துவிடுங்கள்.)

இந்த 48 இலக்கத் தொல்லைக்கு ஆஸ்திரேலியாவில் ஒருவர் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. அங்குள்ள கிராண்ட் தார்ன்டன் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்தின் கணினிப் பொறியாளர் அவர். கடைகளில் பொருளின் பட்டைக்குறியீட்டைப் படிக்கும் கருவியைக் கணினி ஒரு விசைப்பலகையாகவே கருதுகிறது என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. கருவி படித்த எண்ணை, யாரோ வேகமாகத் தட்டச்சு செய்ததாகவே கணினி எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு மீட்பு எண்ணையும் பட்டைக்குறியீடாக மாற்றும் சிறு நிரலை எழுதி, அவற்றை ஒரு திரையில் காட்டினார்கள். கருவியைத் திரைக்கு நேரே பிடித்தால் 'பீப்'. 48 இலக்கங்களும் பிழையின்றி உள்ளே போய்விட்டன. ஒரு கணினிக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் ஆனது. அந்த எண்களைத் தொலைபேசியில் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டிய தேவையும் இல்லாமல் போனது.

மேகக் கணிமையில் ஓடும் கணினிகளுக்கோ முன்னால் உட்கார இடமே கிடையாது. அவற்றின் மெய்நிகர் வட்டைக் கழற்றி, நலமாக உள்ள இன்னொரு மெய்நிகர் கணினியில் மாட்டி, கோப்பை அழித்து, மறுபடி பழைய இடத்தில் மாட்டினார்கள். நோயாளியின் மூளையை எடுத்துப் பக்கத்துக் கட்டிலில் வைத்துச் சிகிச்சை செய்தது போல. சில வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்ப, பதினைந்து முறைவரைகூட, மறுதொடக்கம் செய்தே பலன் கண்டதாக மைக்ரோசாஃப்ட் தெரிவித்தது. கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் அதில் அறிவியல் இருக்கிறது. ஒவ்வொரு தொடக்கத்திலும் இரண்டு வேலைகள் போட்டி போடுகின்றன: ஒன்று கெட்ட கோப்பைப் படித்து விழுவது, மற்றது பிணையத்தில் இணைந்து நல்ல கோப்பை வாங்குவது. ஏதோ ஒரு முறை இரண்டாவது முந்திவிட்டால் பிழைத்தது.

எல்லோராலும் விரைவில் எழ முடியவில்லை. அமெரிக்காவின் டெல்டா ஏர்லைன்ஸ் ஐந்து நாளில் ஏறத்தாழ 7,000 விமானப் பயணங்களை ரத்து செய்தது. 40,000 சர்வர்களைக் கையால் மீட்க வேண்டியிருந்ததாக அதன் தலைவர் கூறினார். கணினிகள் எழுந்த பிறகும், எந்த விமானி எந்த ஊரில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று கணக்குப் பார்க்கும் மென்பொருளால் குவிந்துவிட்ட மாற்றங்களை ஈடுகட்ட முடியவில்லை. தனக்கு 500 மில்லியன் அமெரிக்க டாலர் இழப்பு என்றது டெல்டா. வழக்கும் தொடுத்தது.

குழப்பத்தில் மீன் பிடிக்கிறவர்களும் வந்து சேர்ந்தார்கள். 'உங்கள் கணினியைச் சரி செய்யும் நிரல் இதோ' என்று சிலர் நச்சுநிரல்களைப் பரப்பினார்கள். அதுபற்றித் தன் வாடிக்கையாளர்களை எச்சரிக்கும் வேலையும் கிரவுட்ஸ்ட்ரைக்குக்கு வந்தது. கூடவே, தன் பங்குதாரர் நிறுவனங்களின் ஊழியர்களுக்கு ஊபர் ஈட்ஸ் வழி உணவு வாங்க 10 டாலர் பற்றுச்சீட்டு அனுப்பியது. பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த முயன்றதால் மோசடியோ என்று சந்தேகித்து அந்தச் சேவை அதைத் தடுத்துவிட்டது. ஒரு வாரமாகத் தூக்கம் இழந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

கவனமாக இருந்தவர்களும் விழுந்தார்கள்

இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொன்று.

அனுபவமுள்ள கணினி நிர்வாகி எவரும் புதிய புதுப்பிப்பை வந்த அன்றே எல்லாக் கணினிகளிலும் ஏற்ற மாட்டார். ஃபால்கனிலும் அதற்கு வசதி இருந்தது. மிகப் புதிய பதிப்பு வேண்டாம், அதற்கு முந்தியது போதும் என்று அமைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் கணினியில் சில வாரம் ஓடிப் பார்த்த பிறகு நமக்கு வரட்டும் என்ற எண்ணம். பல நிர்வாகிகள் அப்படித்தான் அமைத்திருந்தார்கள். அவர்களுடைய கணினிகளும் விழுந்தன.

ஏனென்றால் ஃபால்கனுக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. மென்பொருளின் புதிய பதிப்பு ஒரு வாசல் வழியாக வரும். அந்த வாசலின் பூட்டு நிர்வாகியின் கையில். கண்டுபிடிப்பு விதிகள் அடங்கிய கோப்புகள் இன்னொரு வாசல் வழியாக வரும், சில நாள்களில் ஒன்றுக்கு மேற்பட்ட முறைகூட. அந்த வாசலுக்குப் பூட்டே இல்லை. 'இவை மென்பொருள் அல்ல, வெறும் தரவு' என்பது அதற்கான நியாயம். தரவுதான். ஆனால் கெர்னலுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு நிரல் அந்தத் தரவைப் படித்து அதன்படி நடக்கிறது என்றால், அது வெறும் தரவு என்று சொல்லிக் கைகழுவ முடியுமா?

நிறுவனத்தின் பக்கத்தையும் கேட்க வேண்டும். ஊடுருவிகள் புதிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தால் அதைப் பயன்படுத்த அவர்கள் ஒரு மாதம் காத்திருப்பதில்லை; சில மணி நேரம் போதும். பாதுகாப்பு விதிகள் ஒரு வாரம் தாமதமாக வந்தால் அந்த ஒரு வாரம் கதவு திறந்தே கிடக்கும். எல்லாவற்றையும் நிதானமாகச் செய்யுங்கள் என்று வெளியிலிருந்து சொல்வது எளிது.

ஆனால் வேகம் என்றால் எல்லோருக்கும் ஒரே நொடியில் அனுப்புவது என்று பொருள் அல்ல. இதற்குக் கணினித் துறையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. அதன் பெயர் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்தது. சுரங்கங்களில் கார்பன் மோனாக்சைடு வாயு சேரும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து அறிவியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன், சின்னஞ்சிறு விலங்குகளை முன்னறிவிப்புக்குப் பயன்படுத்தலாம் என்று யோசனை சொன்னார். சிறிய உடல், வேகமான மூச்சு. ஆகவே நச்சு வாயு மனிதரைத் தாக்குவதற்கு முன்பே அவற்றைத் தாக்கிவிடும். கூண்டில் கேனரிப் பறவையை எடுத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் போனார்கள். பறவை தள்ளாடினால் உடனே வெளியேறுவார்கள். பிரிட்டிஷ் சுரங்கங்களில் இந்தப் பழக்கம் 1986 வரை இருந்தது.

மென்பொருளில் 'கேனரி வெளியீடு' என்பது இதுதான். புதுப்பிப்பை முதலில் நிறுவனத்தின் சொந்தக் கணினிகளுக்கு அனுப்புவது. பிறகு வாடிக்கையாளர்களில் நூற்றில் ஒரு பங்குக்கு. அவை எழுந்து நின்று வழக்கம்போல் பதில் தருகின்றனவா என்று பார்த்துவிட்டு அடுத்த வட்டத்துக்கு. ஜூலை 19 கோளாறு பல நாள் ஒளிந்திருந்து வெளிப்பட்ட ஒன்றல்ல. கோப்பு இறங்கியதும் கணினி விழுந்தது. ஆயிரம் கணினிகளுக்கு மட்டும் அனுப்பி அரை மணி நேரம் காத்திருந்தால், ஆயிரமும் பேச்சு மூச்சில்லாமல் போனது தெரிந்திருக்கும். பாதுகாப்பு விதி அரை மணி நேரம் தாமதமாகியிருக்கும். அந்தத் தாமதத்தால் வரக்கூடிய ஆபத்தையும், 8.5 மில்லியன் நீலத் திரைகளையும் தராசில் வைத்துப் பார்த்தால் எனக்கு எந்தப் பக்கம் கனம் என்பதில் சந்தேகம் இல்லை.

நிறுவனமும் கடைசியில் அந்த முடிவுக்குத்தான் வந்தது. விதிக் கோப்புகளையும் படிப்படியாக அனுப்பத் தொடங்கியது. எப்போது, எந்தக் கணினிகளில் அவை இறங்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமையை வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது. இரண்டாவது வாசலுக்கும் பூட்டு வந்தது. சாவி நிர்வாகியின் கைக்கு வந்தது. செப்டம்பர் 24ஆம் தேதி அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக் குழு முன்னால் அதன் மூத்த அதிகாரி ஆடம் மேயர்ஸ் மன்னிப்புக் கேட்டு, இந்த மாற்றங்களை விளக்கினார்.

மைக்ரோசாஃப்ட்டும் சும்மா இருக்கவில்லை. திரும்பத் திரும்ப விழும் கணினியைத் தொலைவிலிருந்தே மீட்கும் வசதியை அதே ஆண்டு நவம்பரில் அறிவித்தது. பாதுகாப்பு மென்பொருள்கள் கெர்னலுக்கு வெளியே இருந்தபடியே வேலை செய்ய வழிவகுக்கும் முயற்சியும் நடக்கிறது. புகழ்பெற்ற நீலத் திரையைக்கூடக் கறுப்பாக்கிவிட்டார்கள். நிறம் மாறியதால் என்ன பயன் என்று கேட்காதீர்கள், எனக்கும் புரியவில்லை.

ஆகஸ்ட் மாதம் லாஸ் வேகஸில் நடந்த டெஃப்கான் இணையப் பாதுகாப்பு மாநாட்டில் 'மாபெரும் தோல்வி'க்கான கேலி விருது கிரவுட்ஸ்ட்ரைக்குக்குக் கிடைத்தது. பொதுவாக இந்த விருதை வாங்க யாரும் வர மாட்டார்கள். நிறுவனத்தின் பிரசிடெண்ட் மைக்கேல் செண்டோனாஸ் நேரில் மேடையேறி வாங்கிக்கொண்டார். ஊழியர்கள் வேலைக்கு வரும்போதெல்லாம் கண்ணில் படும்படி தலைமையகத்தில் அதை வைக்கப் போவதாகச் சொன்னார்.

விருதே இல்லாத வேலையைப் பார்த்தவர்களுக்கும் ஒரு நாள் இருக்கிறது. ஜூலை மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, கணினி அமைப்பு நிர்வாகிகளைப் பாராட்டும் நாள். அமெரிக்கக் கணினி நிர்வாகி டெட் கெக்காட்டோஸ் 2000ஆம் ஆண்டில் தொடங்கி வைத்தது. 2024இல் அது ஜூலை 26ஆம் தேதி வந்தது. கோப்பு வந்த வெள்ளிக்கிழமைக்குச் சரியாக அடுத்த வெள்ளி. 97 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கணினிகளில் ஃபால்கன் மீண்டும் இயங்குவதாக அதற்கு முந்தைய நாள்தான் நிறுவனம் அறிவித்திருந்தது. 99 விழுக்காட்டை எட்ட ஜூலை 29 ஆனது. ஆகவே தங்களுக்கான நாளன்றும் பலர் கையில் மீட்பு எண்களோடு, இன்னும் எழாத கணினிகளைத் தேடி நடந்துகொண்டுதான் இருந்திருப்பார்கள்.